பட்டறை விரலும் பக்கெட் எழுத்தும்

முப்பது வருஷத்துக்கு முன்பு சங்ககிரியில் ஒரு லாரி இன்ஜினின் ஆயிலை மாற்றலாமா, இன்னும் ஒரு நடை ஓட்டலாமா என்பதை மெக்கானிக்கின் இரண்டு விரல்கள்தான் முடிவு செய்தன. டிப் ஸ்டிக்கை உருவுவார். நுனியில் நிற்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பிரிப்பார். பிசுக்கு விட்டு இழுத்தால் ஓடலாம். தண்ணீராக வழுக்கினால் இறக்கிவிட வேண்டியதுதான். டீசல் கலந்திருக்கிறதா என்று மூக்கு சொல்லிவிடும். புது ஆயில் வாங்கும்போது கடையில் கேட்ட கேள்வியும் ஒன்றே ஒன்று: "நாப்பதா, அம்பதா?"

அந்த விரல்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேரிங் தேய்ந்ததையும், கூலன்ட் கசிந்து ஆயில் வெளுத்ததையும், ரிங் போய் வண்டி ஆயில் குடிப்பதையும் ஆய்வுக்கூடம் எதுவுமில்லாமல் கண்டுபிடித்த விரல்கள் அவை. ஆனால் இன்று வரும் வண்டிக்கு அந்தச் சோதனை போதாது. பக்கெட்டின் முதுகில் 15டபிள்யூ-40, சிகே-4 என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தாக வேண்டும். அந்த எழுத்து சொல்லும் விஷயங்களில் முக்கியமானது, ஆயில் எரிந்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்பது. அது விரலுக்குத் தெரியாது.

தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை என்று சங்ககிரியைப் பாடப்புத்தகம் சொல்லும். சாலையில் பிழைப்பவர்களுக்கு அது லாரி ஊர். வானம் பார்த்த பூமி. நிலக்கடலையும் சோளமும் கொட்டமுத்து என்கிற ஆமணக்கும் விளைந்த காடு. 1963-ல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. ரயில் நிலையம் இருந்தது, சேலம் - கோவை நெடுஞ்சாலை இருந்தது, பெட்ரோலியக் கிடங்குகளும் வந்தன. சுற்றிலும் நாமக்கல்லில் பாடி கட்டினார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டினார்கள். மழையை நம்ப முடியாதவர்கள் காட்டை அடகு வைத்து வண்டி எடுத்தார்கள். கிளீனராகப் போனவர் டிரைவராகி, பங்குக்கு வண்டி வாங்கி, பிறகு ஓனர் ஆனார். ஒற்றை வண்டி ஓனருக்கு ஒரு முழு இன்ஜின் வேலை வந்தால் மாதக் கணக்கில் தவணை கட்ட முடியாது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகும். ஆயில் விஷயத்தை நான் பெரிதாகப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

அன்றைய இன்ஜின்களின் குணமே வேறு. டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. ஆனாலும் அந்த ஜெர்மன் வடிவத்தின் வாரிசான ஆறு சிலிண்டர் 697 இன்ஜின் பல தலைமுறை லாரிகளை இழுத்தது. எண்ணூரில் இருந்து வந்த லேலண்டு வண்டிகள் அதற்குப் போட்டி. பெரும்பாலும் டர்போ கிடையாது. பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், சுழற்சி வேகம் குறைவு. ஆயில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். 1972-ல் இந்தியன் ஆயில் 'சர்வோ' என்ற பெயரில் ஆயில் விற்கத் தொடங்கியது. அதன்பின் பங்க்கிலேயே டீசலோடு ஆயிலையும் வாங்குவது வழக்கமானது. 1990-களின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்து வெளிநாட்டு, தனியார் கம்பெனிகள் வரிசையாக உள்ளே வந்தபோது ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை அலமாரி நிறம் நிறமாக நிரம்பியது. டப்பாக்கள் பெருகின, கேள்வி மட்டும் நாற்பதா ஐம்பதா என்றே நின்றது.

அன்று இன்ஜினுக்கு மெய்யான எதிரி டீசலுக்குள்ளேயே இருந்தது. 1990-களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் எடையில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்க விதி இடம் கொடுத்தது. கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, லைனரையும் ரிங்கையும் அரிக்கும். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மை கொண்ட கால்சியம், மக்னீசியம் சேர்மங்களைத் தாராளமாகச் சேர்த்தார்கள். ஆயில் இந்தச் சண்டையில் சீக்கிரமே சக்தி இழந்துவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் இறக்கிவிடு என்று பெரியவர்கள் சொன்னதற்கு முதல் காரணம் இது. மெக்கானிக்குக் கந்தகத்தின் கணக்கு தெரியாது. அரித்துப்போன லைனரைக் கழற்றிக் கழற்றி அவர் கற்றுக்கொண்ட விதி அது, அன்றைக்கு முழுக்கச் சரியான விதி.

அதே டீசல், பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளின்படி 2010-ல் நாடு முழுக்கப் பிஎஸ்-3 ஆனபோது கந்தகம் 350 பிபிஎம், 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 ஆனபோது 50, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 ஆனபோது 10. ஒரு சதவீதம் என்பது பத்தாயிரம் பிபிஎம். ஆகவே ஒரே ஆளின் வேலைக்காலத்துக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காக அது இறங்கியிருக்கிறது. சாலையும் டோலும் மாறியதைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. ஆனால் இன்ஜினுக்குள் இதைவிடப் பெரிய மாற்றம் நடக்கவில்லை.

பழைய விதிகளில் ஒன்றை மட்டும் நான் அன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயில்' என்பது அது. 15டபிள்யூ-40 முதன்முதலில் கடைக்கு வந்தபோது, விரலில் தொட்டுப் பார்த்தவர்கள் இது தண்ணியாக இருக்கிறது, லோடு வண்டிக்குத் தாங்காது என்று ஒதுக்கினார்கள். எஸ்ஏஇ எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோலைப் பார்த்தால் உண்மை தெரியும். பழைய ஒற்றை 40-ம் சரி, 15டபிள்யூ-40-ம் சரி, 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரே வரம்புக்குள்தான் இருக்க வேண்டும்: 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ். அதாவது தொப்பூர் கணவாயில் முழு லோடோடு ஏறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். வித்தியாசம் ஆறிக் கிடக்கும்போதுதான். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பழைய 40 மெதுவாக மேலேறும், ராக்கரையும் கேமையும் தாமதமாகத் தொடும். அந்த நேரத்தில் இன்ஜின் தேய்வது அதிகம். பட்டறையில் ஆறிய ஆயிலைத் தொட்டுப் பார்த்த விரல், ஓடும் இன்ஜினின் ஆயிலை எடை போட்டுவிட்டதாக நம்பியது. சேலம் வெயிலுக்குக் குளிரைக் குறிக்கும் 'டபிள்யூ' எதற்கு என்று கேட்டவர்களுக்கும் பதில் உண்டு. சங்ககிரி வண்டி சங்ககிரியில் நிற்பதில்லை. ஆப்பிள் ஏற்ற இமாச்சலத்துக்கும் காஷ்மீருக்கும் போகிற வண்டிக்கு அந்த எழுத்து வேண்டும்.

கெட்டி ஆயில் மோகம் பந்தயக் கார் பிரியர்களிடமும் உண்டு. அவர்களுக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. கொங்கு நாட்டில் வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டி மைதான் போட்டார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் நேர்த்தடத்தில் நேரம் பார்த்து ஓடும் ரேக்ளா மாட்டுவண்டியின் அச்சும் அதில்தான் சுழன்றது. அதே விளக்கெண்ணெயை முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களில் ஊற்றினார்கள். பெட்ரோலில் அது எளிதில் கரையாது, கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. ரேஸ் கார்களும் பல ஆண்டுகள் அதை நம்பின. ஆனால் நாள்பட்டால் பிசினாகிப் படிந்துவிடும் என்பதால், பந்தயம் முடிந்தவுடன் கழுவி எடுக்க முடிந்த இன்ஜினுக்குத்தான் அது பொருந்தியது. அந்த எண்ணெயைத் தரும் கொட்டமுத்து இன்றும் சேலம் மாவட்டத்துப் பயிர்தான். ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கார் பந்தயம் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் வளர்ந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு இடம் மாறியது. நேர்கோட்டு டிராக் பந்தயத்தின் உச்சத்தைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே டாப் ஃப்யூல் என்ற வகைக் கார்கள் நைட்ரோமீத்தேன் குடித்து, ஆயிரம் அடி தூரத்தை நான்கு நொடிக்குள் கடக்கின்றன. 2008 வரை கால் மைல் ஓடியவை, ஒரு வீரரின் மரணத்துக்குப் பிறகு ஆயிரம் அடியாகக் குறைந்தன. எரியாத எரிபொருள் வெள்ளமாக ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அதனால் 70 கிரேடு வரை கெட்டியான ஆயில் ஊற்றுகிறார்கள், ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்து ஆயிலை வடித்துவிடுகிறார்கள். அதே டிராக் பந்தயத்தில் பெட்ரோல் ஊற்றும் நுட்பமான கார்களோ, இடைவெளி இறுக்கமாக இருப்பதால், தண்ணீர் போன்ற மெல்லிய ஆயிலைத் தேடுகின்றன. ஆயிலைக் கலக்குவதற்கே இன்ஜின் சக்தி செலவாகும் என்பதால் அவர்களுக்கு மெல்லியதுதான் லாபம். ஒரே விளையாட்டில் இரண்டு எதிர்முனைகள். எரிவது என்ன, இடைவெளி எவ்வளவு, எப்போது இறக்கப் போகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தபின்தான் அங்கே யாரும் டப்பாவைத் திறக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் நான்கு நொடியில் அந்த டிராக் காரின் கிராங்க் சுற்றுவது ஐந்நூற்றுச் சொச்சம் முறை. மணிக்கு 60 கிலோமீட்டரில், 1,500 சுற்றில் ஓடும் லாரி, ஒரே ஆயிலில் 80,000 கிலோமீட்டர் போனால் அதன் கிராங்க் 12 கோடி முறை சுற்றியிருக்கும். ரேஸ் ஆயிலில் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் அதிகம், அழுக்கைக் கழுவும் மருந்து குறைவு. ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுவதால் அங்கே அது போதும். 'ரேஸ் ஆயில்' என்ற பெயரைப் பார்த்து அன்றாடம் ஓட்டும் காரிலோ லோடு வண்டியிலோ அதை ஊற்றுகிறவர்கள், தங்கள் இன்ஜினுக்குத் தேவையான முக்கிய மருந்தைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார்கள்.

லாரிக்குத் திரும்புவோம். 1990-களில் ஜாம்ஷெட்பூரில் கம்மின்ஸ் கூட்டுறவில் இன்ஜின் தயாராகத் தொடங்கிய பிறகு டர்போ பரவியது. அதற்குள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கும் ஒரு சின்னத் தண்டு, ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. வண்டியை ஓரங்கட்டியவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தினால் அங்கே தேங்கும் ஆயில் கருகும். இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள் என்ற பாடத்தைச் சங்ககிரி டிரைவர்கள் நன்றாகவே கற்றார்கள். அடுத்து, புகையின் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வந்தது. அதனால் ஆயிலில் கரி சேர்ந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ 2002-ல் சிஐ-4 என்ற தரத்தைக் கொண்டுவந்ததே இந்தக் கரியைச் சமாளிக்கத்தான். மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடுகிறது, இது டூப்ளிகேட் என்று இன்றும் சண்டை நடக்கிறது. கரியைப் படிய விடாமல் மிதக்க வைத்துச் சுமப்பதுதான் நல்ல டீசல் ஆயிலின் வேலை. கறுக்காத ஆயிலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பிஎஸ்-6 இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்ன ரசாயன ஆலையே தொங்குகிறது. டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, யூரியாக் கரைசலான ஆட்ப்ளூ பீய்ச்சும் எஸ்சிஆர். வடிகட்டியில் சேரும் கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடலாம், அதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஆனால் ஆயில் எரிந்தால் மிஞ்சும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சாம்பல் எரியாது. விறகு எரிந்து தீர்ந்துவிடும், அடுப்புச் சாம்பலை அள்ளினால்தான் போகும். பழைய டீசலின் கந்தக அமிலத்தை முறிக்க எந்த மருந்தை அள்ளிப் போட்டார்களோ, அதே மருந்து இன்றைய வடிகட்டியை அடைக்கிறது. 2016 டிசம்பரில் வந்த சிகே-4 தரத்தில் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் ஒரு இன்ஜினைக்கூடக் கெடுக்காத கை, பழக்கப்பட்ட பழைய ஆயிலை அன்போடு ஊற்றினால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். வடிகட்டி அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, வண்டி நாக்பூருக்கு அப்பால் எங்கோ நின்றுவிடும். வடிகட்டியை மாற்றும் செலவு ஒற்றை வண்டி ஓனரை உலுக்கிவிடும்.

டிப் ஸ்டிக் பார்ப்பதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் லெவல் இறங்குகிறதா என்று மட்டும் கவலை. இன்று சில இன்ஜின்களில் ரீஜெனரேஷனுக்காகக் கடைசி நேரத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டீசல் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கிறது. லெவல் ஏறினாலும் கவலைப்பட வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி நிற்கும் ஆயிலைப் பார்த்து 'வண்டி ஆயிலே குடிக்கல' என்று சந்தோஷப்படக் கூடாது. இந்த இடத்தில் பழைய மெக்கானிக்கின் மூக்கு இன்றைக்கும் வேலைக்கு ஆகும், டீசல் வாடையை அது விடாது.

மாற்றும் இடைவெளி 18,000, 36,000 என்று நீண்டு, இன்று நெடுந்தூர பிஎஸ்-6 மாடல்களில் 80,000, சிலவற்றில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வந்திருக்கிறது. கம்பெனி சொல்லும் அந்த எண் சரியான ஆயில், சரியான ஃபில்டர், சீரான ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் மட்டும். கல் குவாரியில் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் டிப்பருக்கு அது பொருந்தாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க உறுமும், அதற்குக் கிலோமீட்டரே அர்த்தமில்லை, மணிக்கணக்கு மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இடைவெளி நீண்டதால் ஒரு தடவை ஊற்றும் ஆயிலின் மேல் வைக்கும் நம்பிக்கையும் நீண்டுவிட்டது. அதனால் போலி ஆயில் முன்பைவிடக் கொடியது. பத்தாயிரத்தில் இறக்கிய காலத்தில் மட்டமான ஆயிலும் சீக்கிரம் வெளியேறிவிடும். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள், மூடியின் சீலைப் பாருங்கள், காலி பக்கெட்டை ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுசாகப் போகும் பக்கெட் மறுபடி நிரம்பி வர வாய்ப்பு இருக்கிறது.

இறக்கிய ஆயிலுக்கும் அன்று ஒரு வாழ்க்கை இருந்தது. சென்ட்ரிங் பலகைக்குத் தடவினார்கள், கரையான் வராமல் இருக்க மரத்தூணுக்குப் பூசினார்கள், மிச்சத்தைப் பட்டறை மண்ணிலேயே விட்டார்கள். நிலத்தடி நீரைத் தேடி ஊர் ஊராகத் துளை போடும் ரிக்குகளின் நாட்டில், அந்த நீருக்கு மேலே இருக்கும் மண்ணில் கழிவு ஆயிலை ஊற்றுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். பழைய ஆயில் அபாயக் கழிவு என்று சட்டம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிக்கும் பொறுப்பில் தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும் விதி சேர்த்திருக்கிறது. பட்டறைக்காரர்கள் தனி பேரலில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். காசும் வரும்.

இப்போது சங்ககிரி ஓனர்களின் நடைமுறைச் சிக்கல், ஒரே ஷெட்டில் பிஎஸ்-3 பழசும் பிஎஸ்-4 நடுத்தரமும் பிஎஸ்-6 புதுசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான். மூன்று பேரல் வைத்தால் அவசரத்தில் கை மாறிப்போகும். சிகே-4 தரத்தை அதற்கு முந்தைய சிஐ-4, சிஎச்-4 கேட்கும் வண்டிகளுக்கும் ஊற்றலாம். பழைய வண்டிக்கு அது காரம் குறைவாயிற்றே என்ற பயமும் வேண்டாம், அந்த வண்டி இன்று குடிப்பதும் 10 பிபிஎம் டீசல்தான். விலை சற்றுக் கூடினாலும் ஒரே பேரலாக அதையே வைப்பது நல்லது என்பது என் எண்ணம், புது வண்டியின் கையேடு கேட்கும் கனமும் கம்பெனித் தர எண்ணும் பக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பெரிய ஓனர்களுக்கு இதைச் சொல்லக் கம்பெனி ஆட்கள் வருவார்கள். ஒற்றை வண்டிக்காரருக்கு யாரும் வருவதில்லை, அவருடைய கையேடோ கேபின் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கிறது. வீல் ஆர்ச்சின் மேல் காற்றழுத்தத்தையும், கதவில் எஃப்சி, பர்மிட் தேதிகளையும் எழுதும் அதே பெயின்டர் கையால் ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதச் சொல்லுங்கள்: கனம், தரம், அடுத்து இறக்க வேண்டிய கிலோமீட்டர். எழுத்து இந்தியிலும் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு மத்தியப் பிரதேசத்துத் தாபா ஓரத்தில் டாப் அப் செய்யும் பையனுக்குத் தமிழ் தெரியாது.